கருமுட்டையும் காப்புச் சத்து மாத்திரைகளும்

ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது. உடல்நலம், மழை, விலைவாசி ஆகியவற்றைப் பற்றிய பேச்செல்லாம் முடிந்த பிறகு, மறுமுனையில் சற்றே தயங்கிய குரலில், "ஏதாவது விசேஷம் உண்டா?" என்ற கேள்வி எழுகிறது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடித்தனம் நடத்தும் தமிழ்த் தம்பதிகளுக்கு இக்கேள்வியின் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை. மணமாகி இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்த வீட்டில் அந்த ஒரு சொல் நாள் முழுவதும் காதில் ஒலித்துக்கொண்டேயிருக்கும். அதற்கு விடை கூறும் சுமையும் பெரும்பாலும் பெண்ணின் தலையிலேயே விழுகிறது.

இத்தகைய இல்லங்களின் அலமாரிகளில் அண்மைக் காலமாகப் புதிய புட்டிகள் சில இடம்பெற்று வருகின்றன. கருமுட்டையின் தரத்தை உயர்த்தும், கருத்தரிக்கும் வாய்ப்பைப் பெருக்கும் என்று கூறி விற்கப்படும் மாத்திரைகள் அவற்றில் உள்ளன. கோஎன்சைம் க்யூ-10, வைட்டமின் ஈ, வைட்டமின் சி, மெலடோனின், செலினியம் என்று உள்ளடக்கம் பலவாறாக இருப்பினும், இவற்றிற்கெல்லாம் சொல்லப்படும் பொதுப்பெயர் ஒன்றுதான்: ஆன்டி-ஆக்சிடன்ட், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் காப்புச் சத்து. அண்டை வீட்டார் சொல்லி வாங்கியவர் உண்டு. விளம்பரம் கண்டு வாங்கியவர் உண்டு. மருத்துவரே எழுதித் தந்து வாங்கியவரும் உண்டு.

இவை மெய்யாகவே பயன் தருமா? தருமெனில் எவ்வளவு? இக்கேள்விகளையே இவ்வுரையில் ஆராய எண்ணுகிறோம். அதற்கு முன்பாகக் கருமுட்டை என்பது என்ன, அதற்கு வயதாகும் விதம் யாது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்ளுதல் நலம்.

பிறப்பதற்கு முன்பே நிரம்பிய களஞ்சியம்

ஆணின் உடலில் விந்தணுக்கள் நாள்தோறும் புதியனவாக உற்பத்தியாகின்றன. பெண்ணின் நிலை அவ்வாறன்று. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே அவளுடைய சூலகங்களில் ஏறத்தாழ அறுபது எழுபது இலட்சம் முட்டை அணுக்கள் அமைந்துவிடுகின்றன. அன்று தொடங்கியே அவை குறையலாகின்றன. பிறக்கும்போது பத்து முதல் இருபது இலட்சம். பூப்பெய்தும் பருவத்தில் மூன்று நான்கு இலட்சம். இவற்றுள்ளும் மாதம் ஒன்றாக முதிர்ந்து வெளிப்படுபவை வாழ்நாள் முழுவதிலும் சுமார் 400 அல்லது 500 மட்டுமே. எஞ்சியவை யாவும் தாமாகவே கரைந்து மறைகின்றன. களஞ்சியத்தில் கொட்டிய நெல்லைப் போல, எடுக்க எடுக்கக் குறையுமேயன்றி, புதிதாக விளைந்து சேருவதில்லை.

ஆகவே, முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் கருமுட்டைக்கும் முப்பத்தைந்து வயதுக்கு மேலேயே ஆகிறது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். இத்தனை ஆண்டுகளாக அது பாதி வேலையில் நின்று காத்திருக்கிறது. தன்னிடமுள்ள 46 குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பிரித்து 23 ஆக்கிக்கொள்ளும் வேலையைத் தாயின் வயிற்றிலேயே தொடங்கி நிறுத்திவிட்ட அந்த அணு, வெளிப்படும் தறுவாயில்தான் அதை மீண்டும் தொடர்கிறது. அதுவரை குரோமோசோம்களைப் பிணைத்து வைத்திருப்பவை சிலவகைப் புரதக் கட்டுகள். அக்கட்டுகளும் பல்லாண்டுப் பழமையானவை. காலம் செல்லச் செல்ல அவை தளர்கின்றன. தளர்ந்தால் பங்கீடு பிழையாகிறது. ஒன்று கூடுகிறது, அல்லது ஒன்று குறைகிறது. வயது ஏற ஏறக் கரு நிலைக்காமற் போவதற்கும், தொடக்கத்திலேயே கலைந்துபோவதற்கும், டவுன் குறைபாடு போன்றவை அதிகரிப்பதற்கும் இதுவே முதன்மையான காரணம்.

நலமுள்ள முப்பது வயதுப் பெண் ஒருத்தி ஒரு மாதத்தில் கருவுறும் வாய்ப்பு நூற்றுக்கு இருபது அளவில் இருக்கிறது. நாற்பது வயதில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கருமுட்டையின் தரம் என்று மருத்துவர் கூறுவது பெரும்பாலும் இந்தப் பங்கீடு பிழையின்றி நடைபெறும் ஆற்றலைத்தான். ஏ.எம்.எச். என்னும் இரத்தப் பரிசோதனை, களஞ்சியத்தில் மீதமுள்ள அளவை ஒருவாறு மதிப்பிடுமேயன்றி, முட்டையின் தரத்தைக் காட்டாது.

ஆக்சிஜனேற்றம் என்பது யாது?

வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கும் இல்லத்தரசியர், நறுக்கியதை உடனே மோர் கலந்த நீரில் இடுவது வழக்கம். இடாவிட்டால் சிறிது நேரத்தில் அது கறுத்துப்போகும். காற்றிலுள்ள பிராணவாயுவாகிய ஆக்சிஜன், நறுக்கிய பரப்பிலுள்ள பொருள்களோடு சேர்ந்து வினைபுரிவதனால் ஏற்படும் மாற்றம் அது. இரும்பு துருப்பிடிப்பதும் எண்ணெய் நாட்பட்டுச் சிக்குவாடை வீசுவதும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. இவ்வினையைத் தடுக்கும் பொருள்களே காப்புச் சத்துகள்.

நம் உடலின் பெரும்பாலான அணுக்களினுள்ளும் மைட்டோகாண்டிரியா எனப்படும் நுண்ணிய உலைகள் உள்ளன. உண்ட உணவை ஆக்சிஜனின் துணைகொண்டு எரித்து அணுவுக்கு வேண்டிய ஆற்றலைத் தருபவை இவையே. அடுப்பெரியும்போது தீப்பொறி தெறிப்பதைப் போல, இவ்வேலையின்போது சில துடிப்பு மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் தெறிக்கின்றன. அவை அளவு மீறினால் அணுவின் சவ்வையும் புரதங்களையும் மரபுப் பொருளையும் பழுதாக்கக்கூடும். உடல் தன் சொந்தக் காப்புப் பொருள்களைக்கொண்டு இவற்றை அடக்கிவைக்கிறது. வயது ஏற ஏற இந்த அடக்கும் ஆற்றல் குறைகிறது என்றும், முதுமைக்கே இதுதான் காரணமென்றும் 1956-இல் டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கொள்கையை வெளியிட்டார்.

மனித உடலிலுள்ள அணுக்களிலெல்லாம் மிகப் பெரியது கருமுட்டை. அதனுள் ஏறத்தாழ ஓர் இலட்சம் மைட்டோகாண்டிரியா உலைகள் உள்ளன. கரு தோன்றிப் பிளந்து வளரும் முதல் சில நாட்களுக்கு வேண்டிய ஆற்றல் முழுவதும் இவற்றிலிருந்தே கிடைக்க வேண்டும். உலைகள் இத்தனை இருப்பதனால் தீப்பொறிகளும் மிகுதி. ஆகவே, காப்புச் சத்தைக் கொடுத்தால் முதுமையடையும் கருமுட்டை பிழைக்குமன்றோ என்ற எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. எண்ணம் நல்லதே, அது மெய்யா என்பதைச் சோதனைதான் கூற வேண்டும்.

எலிகள் சொன்ன சேதி

இந்த நம்பிக்கைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1922-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் எவன்ஸ், காதரின் பிஷப் ஆகிய இருவரும் எலிகளுக்குச் செயற்கை முறையில் தூய்மைப்படுத்திய உணவை மட்டும் அளித்து வந்தனர். எலிகள் கொழுத்து வளர்ந்தன, கருவும் உற்றன, ஆனால் கருக்கள் நிலைக்காமல் வயிற்றிலேயே கரைந்துபோயின. லெட்டூஸ் என்னும் கீரையைச் சேர்த்துக் கொடுத்தவுடன் குட்டிகள் பிறந்தன. அக்கீரையிலிருந்த சத்துக்கே பின்னர் வைட்டமின் ஈ என்ற பெயர் வந்தது. 1936-இல் அதைக் கோதுமை முளையின் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தபோது, 'மகப்பேற்றைத் தருவது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக்கொண்டு 'டோக்கோபெரால்' எனப் பெயரிட்டனர்.

பெயரிலேயே பிள்ளைப்பேறு இருக்கிறது. ஆயினும் நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. அந்த எலிகளுக்கு அச்சத்து அடியோடு இல்லாமற் செய்யப்பட்டிருந்தது. எண்ணெய், வேர்க்கடலை, கீரை, தானியம் ஆகியவற்றை உண்ணும் மனிதர்களிடம் வைட்டமின் ஈ பற்றாக்குறை அரிதாகவே காணப்படுகிறது. இல்லாதவர்க்குக் கொடுத்தால் குறை தீரும். இருப்பவர்க்கு மேலும் கொடுத்தால் நன்மை கூடும் என்பது அதனால் பெறப்படவில்லை.

கோஎன்சைம் க்யூ-10 என்னும் பொருளை 1957-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் கிரேன் என்பவர் மாட்டின் இதயத் தசையிலிருந்து கண்டெடுத்தார். மைட்டோகாண்டிரியா உலைகள் இயங்குவதற்கு அது இன்றியமையாதது. உடலே அதை உற்பத்தி செய்துகொள்கிறது. 2015-இல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், வயது முதிர்ந்த சுண்டெலிகளுக்கு இப்பொருளைக் கொடுத்தபோது அவற்றின் கருமுட்டைகள் மேம்பட்டன; ஈனும் குட்டிகளும் பெருகின. இன்று கடைகளில் இம்மாத்திரை விற்பனையாவதற்கு இவ்வாய்வு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் சுண்டெலியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகள். பெண்ணின் கருமுட்டையோ முப்பது நாற்பது ஆண்டுகள் காத்திருப்பது. ஒன்றன் முதுமையை மற்றொன்றன் முதுமைக்கு அளவுகோலாகக் கொள்வது எளிதன்று.

பெண்களிடம் கண்ட பலன்

இனி மனிதரிடம் நடத்தப்பட்ட சோதனைகளைப் பார்ப்போம். 2018-இல் வெளியான ஒரு சீன ஆய்வில், முட்டைக் களஞ்சியம் குறைந்த இளம் பெண்களுக்குச் சோதனைக்குழாய்ச் சிகிச்சைக்கு முன்பாக அறுபது நாட்கள் கோஎன்சைம் க்யூ-10 தரப்பட்டது. கிடைத்த முட்டைகளின் எண்ணிக்கை கூடியது; நல்ல கருக்களும் கூடுதலாக உருவாயின. எனினும், குழந்தை பிறந்தோரின் எண்ணிக்கையில் காணப்பட்ட வேற்றுமை, தற்செயலானதன்று என்று துணிந்து கூறும் அளவுக்கு இல்லை. மெலடோனின் பற்றி ஆஸ்திரேலியாவில் நடந்து அதே ஆண்டில் வெளியான சோதனையில், மருந்து உண்டோருக்கும் வெறும் போலி மாத்திரை உண்டோருக்கும் கருவுறுதலில் வேற்றுமை காணப்படவில்லை.

தனித்தனிச் சோதனைகள் இவ்வாறு வேறுபடும்போது, அனைத்தையும் ஒருங்கே திரட்டி நிறுத்துப் பார்ப்பதுதான் முறை. காக்ரேன் என்னும் உலகளாவிய ஆய்வமைப்பு இப்பணியைச் செய்து 2020-இல் அறிக்கை வெளியிட்டது. 63 சோதனைகள், 7,760 பெண்கள். நூற்றுக்குப் பத்தொன்பது பேர் குழந்தை பெறக்கூடிய நிலையில், காப்புச் சத்து உண்டால் அது இருபத்து நான்கிலிருந்து முப்பத்தாறு வரை ஆகலாம் என்று முதற்கணக்கு காட்டியது. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் விளம்பரத்துக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. ஆனால் அறிக்கை அத்துடன் நிற்கவில்லை. நடத்திய முறையில் குறைபாடு மிகுந்த சோதனைகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, குழந்தைப் பேற்றில் கண்ட அந்த நன்மை மறைந்துவிட்டது. சான்றுகள் வலுவற்றவை அல்லது மிகவும் வலுவற்றவை என்பதே அவர்கள் எழுதிய முடிவு.

இதனால் இம்மாத்திரைகள் பயனற்றவை என்று மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதா எனில், இல்லை. பயனுள்ளவை என்று மெய்ப்பிக்கப்பட்டதா எனில், அதுவும் இல்லை. பயன் இருக்கக்கூடும், இருந்தாலும் அது சிறிதாக இருக்கக்கூடும். தளர்ந்துபோன புரதக் கட்டுகளை மீண்டும் இறுக்கித் தரும் மாத்திரையோ, தீர்ந்த களஞ்சியத்தை நிரப்பித் தரும் மாத்திரையோ பெண்களிடம் சோதித்து நிலைநாட்டப்படவில்லை என்பது மட்டும் உறுதி.

மிகினும் குறையினும்

காப்புச் சத்துதானே, உண்டால் தீங்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. விடை, இரு வகைப்படும்.

முதலாவது, துடிப்பு மிகுந்த அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் முற்றிலும் பகையல்ல. முதிர்ந்த முட்டை சூலகத்தின் சுவரைக் கடந்து வெளிப்படுவதற்கே அவை ஓரளவு தேவை. இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சுண்டெலிகளின் சூலகத்தில் காப்புப் பொருளைச் செலுத்தியபோது முட்டை வெளிப்படுவதே தடைப்பட்டது. தீப்பொறி பறக்கிறதென்று அடுப்பையே அணைத்துவிட்டால் சமையல் நடைபெறாது.

இரண்டாவது, உணவில் இருக்கும்போது நன்மையாக இருப்பது மாத்திரையில் அளவு மீறும்போது தீமையாக மாறியதற்கு வரலாறு உண்டு. பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான சோதனை மருத்துவ உலகையே திகைக்கச் செய்தது. காரட்டில் உள்ள பீட்டா-கரோட்டின் என்னும் காப்புச் சத்தை மாத்திரையாக உண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தனர். அது நூற்றுக்குப் பதினெட்டு வீதம் கூடியது. அச்சோதனை கருத்தரிப்பைப் பற்றியதன்று. எனினும் காப்புச் சத்து மிகுந்தால் நன்மையும் மிகும் என்ற கணக்கு பிழையாகலாம் என்பதற்கு அது சான்று.

கருவுற விழையும் பெண்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது வைட்டமின் ஏ விஷயத்தில். ரெட்டினால் என்னும் வடிவில் அது அளவு மீறினால் கருவிலுள்ள குழந்தைக்கு உறுப்புக் குறைபாடுகள் நேரலாம். இரண்டு மூன்று புட்டிகளிலிருந்து சேர்த்து உண்போர் தம்மை அறியாமலே ஒரே சத்தை இருமடங்கு மும்மடங்காக உட்கொள்கின்றனர். வைட்டமின் ஈ மிகுதியானால் இரத்தம் உறையும் தன்மை குறையலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்கு இது ஆபத்து.

பணத்தைவிட அரிய பொருள்

ஆயினும், இம்மாத்திரைகளால் நேரும் மிகப் பெரிய இழப்பு உடலுக்கு நேருவதன்று, பணத்தாலும் அன்று. இழப்பது காலம்.

ஒரு தம்பதியை மனத்தில் நினைத்துப் பார்ப்போம். கணவர் நாக்பூரில் ஓர் ஆலையில் பணிபுரிகிறார். மனைவிக்கு வயது முப்பத்தாறு. முட்டை முதிர்வதன் கடைசிக் கட்டத்துக்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகுமென்பதால், மூன்று மாதம் உண்டு பாருங்கள் என்கிறது விளம்பரம். மூன்று மாதம் கழிகிறது, பலனில்லை. இன்னும் மூன்று மாதம் என்கிறார் ஒருவர். வேறு நிறுவனத்தின் மாத்திரை மேலானது என்கிறார் மற்றொருவர். ஓராண்டு ஓடிவிடுகிறது. அதன் பின்னரே மருத்துவமனைக்குச் செல்கின்றனர். மனைவியின் கருக்குழாய்கள் இரண்டும் அடைபட்டிருப்பது முதல் மாதத்திலேயே தெரிகிறது. முட்டை எவ்வளவு தரமாயிருந்தால் என்ன? வாய்க்கால் அடைபட்டிருந்தால் நீர் வயலுக்குச் செல்லாதன்றோ? முப்பத்தாறு முப்பத்தேழாகியதுதான் கண்ட பலன்.

நம் நாட்டில் கருக்குழாய் அடைபடுவதற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். இருமலோ சளியோ இல்லாமல், கருப்பையையும் குழாய்களையும் மட்டும் பற்றும் காசம் அது. தைராய்டுச் சுரப்பியின் கோளாறு, முட்டை மாதந்தோறும் வெளிப்படாமை, கருப்பை உள்வரிச் சவ்வு வேறிடங்களில் வளர்தல் என்று காரணங்கள் பல. இவற்றுள் பலவற்றுக்குத் தெளிவான சிகிச்சை உண்டு. முட்டையை வெளிப்படச் செய்யும் மருந்துகளும் நெடுங்காலமாகக் கையாளப்பட்டுப் பலன் கண்டவை. இவையெல்லாம் இருக்க, காரணம் அறியாமலே காப்புச் சத்தை மட்டும் நம்பியிருப்பது, நோயறியாமல் மருந்துண்பதாகும்.

மற்றொன்றும் கூற வேண்டும். குழந்தையில்லாத தம்பதிகளுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் கணவர் தரப்பிலும் குறை காணப்படுகிறது. விந்துப் பரிசோதனை வலியற்றது, செலவும் குறைவு. ஆயினும், மனைவிக்குப் புட்டி புட்டியாக மாத்திரை வாங்கித் தரும் ஆடவர் சிலர் தாம் ஒரு முறை பரிசோதனைக்குச் செல்லத் தயங்குகின்றனர். இது நேர்மையுமன்று, அறிவுடைமையுமன்று. ஆடவருக்கென விற்கப்படும் மாத்திரைகளின் நிலையும் பெரிதும் வேறுபட்டதன்று. அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சோதிக்கப்பட்டு 2020-இல் முடிவு வெளியாயிற்று. குழந்தைப் பேறு அதனால் கூடவில்லை.

செய்யத்தக்கவை

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? ஐயத்துக்கிடமற்றவை சிலவற்றைக் கூறுவோம்.

ஓராண்டு கூடி வாழ்ந்தும் கருவுறாவிடில் மருத்துவரை நாட வேண்டும். மனைவிக்கு முப்பத்தைந்து வயது கடந்திருப்பின் ஆறு மாதமே போதும், மேலும் காத்திருக்கலாகாது. மாதவிலக்கு ஒழுங்கற்றிருந்தாலோ, முன்பு காசநோய் கண்டிருந்தாலோ உடனே செல்லலாம். கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே செல்ல வேண்டும்.

மாத்திரைகளுள் ஐயமின்றிப் பயனுள்ளது ஃபோலிக் அமிலம். நாள்தோறும் 400 மைக்ரோகிராம் வீதம், கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தொடங்கி முதல் மூன்று மாதம் வரை உட்கொள்ள வேண்டும். இது முட்டையின் தரத்துக்காக அன்று. குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் சரிவர அமைவதற்காக. கருவுற்ற 28 நாட்களுக்குள், அதாவது தாய் தான் கருவுற்றிருப்பதை அறிவதற்கு முன்பே, அவ்வமைப்பு மூடிக்கொள்கிறது. ஆகவேதான் முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்கின்றனர். 1991-இல் வெளியான சோதனையில், முன்னர் இக்குறையுள்ள குழந்தை பெற்ற தாய்மார்க்கு மிகுந்த அளவில் இதைத் தந்தபோது, அக்குறை மீண்டும் நேருவது நூற்றுக்கு 72 வீதம் குறைந்தது.

இரத்தசோகையைக் கவனிக்க வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. விலையுயர்ந்த காப்புச் சத்தை உண்ணும் வீட்டில் இரும்புச் சத்துக் குறைவு கவனிக்கப்படாதிருப்பது விந்தையே.

புகையும் புகையிலையும் இருவருக்கும் ஆகா. புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது ஒன்று முதல் நான்கு ஆண்டுகள் முந்திவிடுகிறது. உடல் எடை மிகுந்தாலும் மிகக் குறைந்தாலும் முட்டை வெளிப்படுவது தடைப்படலாம். அதைச் சீராக்குவது மாத்திரையினும் மேலான மருந்து.

காப்புச் சத்துக்கு உணவே முதலிடம். குளிர்காலத்தில் வடநாட்டுச் சந்தைகளில் நெல்லிக்கனி மலிவாகக் கிடைக்கிறது. அதில் ஆரஞ்சினும் பன்மடங்கு வைட்டமின் சி உள்ளது. கொய்யாவும் அத்தகையதே. பாலக்கும் வெந்தயக் கீரையும் கடுகுக் கீரையும் அப்பருவத்தில் குவிந்து கிடக்கும். முருங்கைக்கீரை கிடைக்கவில்லையே என்று ஏங்கவேண்டியதில்லை; இருக்கும் ஊரில் விளைவதை நம் கைப்பாகத்தில் கூட்டாகவும் மசியலாகவும் ஆக்கிக்கொள்ளலாம். வேர்க்கடலையும் பருப்பும் எங்கும் உண்டு.

மாத்திரை வாங்கத்தான் வேண்டுமெனில், புட்டியின் மேலுள்ள எழுத்துகளைப் படியுங்கள். இந்தியாவில் இவை பெரும்பாலும் மருந்தாக அன்றி, உணவுச் சட்டத்தின் கீழ் விற்கப்படுகின்றன. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண் அதில் இருக்கும். மருத்துவப் பயனுக்கானதன்று என்ற வாசகமும் சிறிய எழுத்தில் இருக்கும். உரிம எண் இருப்பது, அது விற்பனைக்கு உரிமை பெற்றது என்பதைக் காட்டுமேயன்றி, கருத்தரிக்கச் செய்யும் என்பதற்குச் சான்றாகாது.

மருத்துவரே எழுதித் தந்திருந்தால், "இது எதற்காக? எவ்வளவு நாள்? பலன் இல்லையெனில் அடுத்தது என்ன?" என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இதனால் வருந்தமாட்டார். அவரைக் கேளாமல் நீங்களாகவே நிறுத்தவும் வேண்டா. சோதனைக்குழாய்ச் சிகிச்சை வரை செல்ல நேர்ந்தால், அந்நிலையம் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா என்று விசாரித்த பின்னரே பணம் கட்ட வேண்டும்.

பிற மாநிலத்தில் வாழ்வோர்க்கு ஒரு சொல். மருத்துவர் பேசும் மொழி நமக்கு முழுதும் விளங்காமற் போவதுண்டு. நாணத்தினால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் திரும்புவதும் உண்டு. மாதவிலக்குத் தேதிகள், முன்னர் கண்ட நோய்கள், முன்னர் செய்த பரிசோதனைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உண்ணும் மாத்திரைப் புட்டிகள் எல்லாவற்றையும், ஊரிலிருந்து வந்த லேகியம் உள்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசைமீது வையுங்கள். நாவால் கூற இயலாததை அந்தப் பையே கூறிவிடும்.

இவ்வளவும் செய்த பின்னரும் குழந்தை பிறக்காதிருக்கலாம். அது பெண்ணின் குற்றமன்று. உண்ணத் தவறிய ஏதோவொரு மாத்திரையின் குற்றமும் அன்று. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இக்குறையை எய்துகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. இதில் நாணுதற்கு எதுவுமில்லை.

அடுத்த முறை ஊரிலிருந்து அந்தக் கேள்வி வரும்போது, கணவரே தொலைபேசியை வாங்கிக்கொள்வது நலம். "நாங்கள் இரண்டு பேருமே டாக்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அம்மா. விசேஷம் இருந்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்வோம்" என்று அவர் கூறலாம். அச்சொற்கள் கருமுட்டையை ஒன்றும் செய்யமாட்டா. ஆனால் அருகில் நிற்பவளின் நெஞ்சிலுள்ள பாரம் பாதியாகும்.